பெருந்தெருவும் குடிமக்களும்: பொஸ்ரன் நகரின் போக்குவரவுத் திட்ட வரலாறு

வீதிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை இட்டவர் பெயரையே பெரும்பாலும் முதலிற் கூறுவர். உரோமாபுரியிலிருந்து தெற்கே சென்ற அப்பியன் வீதியைக் கி. மு. 312 இல் தொடக்கிவைத்தவன் அப்பியசு குளோடியசு என்பதை மாணவர் மனனஞ் செய்கின்றனர். பாரிசு நகரின் அகன்ற வீதிகள் என்றவுடன் ஓசுமான் பிரபுவின் பெயர் வருகின்றது. எவருடைய வயலை ஊடறுத்து அவ்வீதி சென்றது, எவர் வீடு இடிக்கப்பட்டது, அவ்வீட்டாரை எவரேனும் ஒரு சொற் கேட்டனரா என்னும் வினாக்களைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. இலங்கை வரலாற்றில் 1848 ஆம் ஆண்டின் தெருச்சட்டம் இதற்கு ஒரு விலக்காக நிற்கின்றது. வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாட் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணஞ் செலுத்துதல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கலகத்தின் காரணங்களுள் அதுவும் ஒன்று. குடிமகனின் உழைப்பை வேண்டிய அரசாங்கம், தெரு எவ்வழிச் செல்லல் வேண்டும் என்பது பற்றி அவன் கருத்தை வேண்டவில்லை.

ஒரு பிரதேசத்தின் போக்குவரவைத் திட்டமிடும்போது அப்பிரதேசத்து மக்களைக் கேட்க வேண்டுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே அரசியல் வினாவாக உருப்பெற்றது. மோட்டார் வண்டி பெருகி, அதற்கென அகன்ற பெருந்தெருக்கள் நகரங்களின் நடுவே புகத்தொடங்கிய காலம் அது. பல நாடுகளிலும் பல நகரங்களிலும் இவ்வினா எழுந்ததாயினும், ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே மசச்சூசெற்ஸ் மாகாணத்தின் தலைநகராகிய பொஸ்ரனில் அது எழுந்த விதமும் தீர்ந்த விதமும் தனியாக ஆராயத் தக்கன. ஏனெனில் அங்கே மக்கள் ஒரு தெருவை மாத்திரம் எதிர்த்து நின்றாரல்லர். தெருக்களைத் திட்டமிடும் முறையையே மாற்றுவித்தனர். அம்மாற்றத்தால் எல்லார்க்கும் ஒரேயளவு நன்மை விளைந்ததா என்பது வேறு வினா. அதனையும் மறையாது கூறுதல் வரலாற்றாசிரியன் கடனாகும்.

பொஸ்ரன் 1630 இல் ஒரு தீபகற்பத்தின் மேல் எழுந்த ஊர். அதன் தெருக்கள் குறுகியவை, வளைந்தவை. சாள்ஸ் ஆற்றுக்கு அப்பால் கேம்பிறிட்ஜ் நகரம்; ஹாவாட் சர்வகலாசாலையும் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியும் அங்கே உள்ளன. அதற்கு வடக்கே சொமவில். நெருக்கமான மரவீடுகளில் தொழிலாளர் வாழ்ந்த நகரம். பொஸ்ரனின் தென்மேற்கே றொக்ஸ்பரி, ஜமெய்க்கா பிளெயின் என்னும் பகுதிகள். றொக்ஸ்பரியில் நூற்றாண்டின் நடுப்பகுதியளவிற் கறுப்பின மக்களே பெருந்தொகையினராயினர். இப்பெயர்களை வாசகர் நினைவிற் கொள்க. பின்வருவன யாவும் இவற்றைச் சுற்றியே நிகழ்கின்றன.

1948 இல் மாகாண அரசாங்கம் பொஸ்ரன் பெருநகர்ப் பகுதிக்கென ஒரு பெருந்தெருத் திட்டத்தை வெளியிட்டது. அதன் வடிவத்தை விளக்க மாட்டுவண்டிச் சில்லே போதும். நகரத்தின் நடுவைச் சுற்றி ஒரு குடம். நாற்புறமிருந்தும் அக்குடத்தில் வந்து பொருந்தும் ஆரக்கால்கள். புறநகர்களைச் சுற்றி ஒரு வெளிவட்டம். வெளிவட்டமாகிய 128 ஆம் இலக்கப் பெருந்தெரு 1950 களில் திறக்கப்பட்டது. வெற்று நிலத்தின் வழியாகச் சென்றமையால் அதனை எதிர்த்தார் மிகச் சிலரே. குடமாக அமையவேண்டிய உள்வட்டப் பெருந்தெருவோ றொக்ஸ்பரி, கேம்பிறிட்ஜ், சொமவில் என்னும் சனநெருக்கமுள்ள இடங்களை ஊடறுத்தே செல்லவேண்டியதாயிற்று. ஆரக்கால்களுள் ஒன்றாகிய தென்மேற்குப் பெருந்தெரு ஜமெய்க்கா பிளெயினையும் றொக்ஸ்பரியையும் பிளந்து வந்து அதனோடு சேரும்.

இத்திட்டத்தில் நகரின் நடுவே முதலிற் கட்டப்பட்டது நடுநாடி எனப் பொருள்படும் பெயர் கொண்ட உயர்மட்டத் தெரு. 1959 இல் அது நிறைவெய்தியது. இரும்புத் தூண்களின் மேல் ஆறு நிரையாக வண்டிகள் சென்றன. கீழே கடைகளும் வீடுகளும் இருந்த இடம் நிழலும் புகையுமாயிற்று. இத்தாலிய மக்கள் வாழ்ந்த வடமுனைப் பகுதி நகரின் ஏனைய பகுதியிலிருந்து சுவரால் மறிக்கப்பட்டது போலாயிற்று. சீனர் குடியிருப்பினர் முதலானோர் எதிர்த்தமையால் தெற்குப் பகுதி மாத்திரம் நிலத்தின்கீழ்ச் சுரங்கமாக அமைக்கப்பட்டது. கூக்குரல் எழுப்பியோர்க்குச் சிறிது கிடைக்கும் என்பதை மக்கள் அன்றே கண்டுகொண்டனர் போலும்.

அப்பொழுது மக்கள் கருத்தைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லையோ எனில், இருந்தது. ஒரு பெருந்தெரு ஓர் ஊரின் ஊடாகவோ ஊரை விலக்கியோ செல்லுமாயின் பகிரங்க விசாரணை நடத்தி, அதனால் விளையும் பொருளாதாரப் பயன்களை ஆராய்ந்ததாக மாகாண அதிகாரிகள் அத்தாட்சி அளித்தல் வேண்டும் எனச் சமஷ்டி அரசாங்கத்தின் 1950 ஆம், 1956 ஆம் ஆண்டுச் சட்டங்கள் விதித்தன. ஆனால் அத்தாட்சி வேறு, செவிசாய்த்தல் வேறு. தெருவின் கோடு வரைபடத்தில் இடப்பட்ட பின்னரே விசாரணை கூடும். மக்கள் பேசுவர், சுருக்கெழுத்தாளர் எழுதுவர், எழுதியது கோவையிற் சேரும். கோடு பெரும்பாலும் இட்ட இடத்திலேயே இருக்கும்.

பெரியபுராணத்திலே திருவாரூர்ச் சிறப்புக் கூறும் பகுதியில் மனுநீதி கண்ட சோழன் வரலாறு வருகின்றது. இராசவீதியில் அரசிளங்குமரன் தேரிற் பட்டு ஆன்கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் மகன்மேல் தேரூர்ந்தான். நீதிக்கு இதனினும் உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை. எனினும் நமது பொருளுக்கு வேண்டிய ஒரு கூறு அங்கே உண்டு. மணி ஒலித்தபோது கன்று இறந்துவிட்டது. இறைவன் திருவருளால் அக்கன்று மீண்டும் உயிர்பெற்றது. பெருந்தெருவுக்காக இடிக்கப்பட்ட வீட்டிற்கு அத்தகைய மீட்சி இல்லை. ஆகவே தேர் புறப்படுமுன் மணியை அசைப்பதற்கு ஒரு வழி வேண்டும். பொஸ்ரன் மக்கள் தேடியது அதுவே.

இனி, பணத்தின் செயலையும் அறிதல் வேண்டும். 1956 ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நீளமான மாகாணங்களிடைப் பெருந்தெருக்களை அமைக்க வகைசெய்தது. செலவில் நூற்றுக்கு 90 பங்கைச் சமஷ்டி அரசாங்கம் கொடுக்கும். 10 பங்கே மாகாணத்தின் பொறுப்பு. புகையிரதத்திற்கோ பஸ் வண்டிக்கோ அத்தகைய உதவி அக்காலத்தில் இல்லை. 1964 இல் நகரப் பொதுப் போக்குவரவுக்கென ஒரு சட்டம் வந்தபோதும் அது கொடுத்த பங்கு மூன்றில் இரண்டே. ஒதுக்கிய தொகையும் மிகச் சிறியது. பத்துச் சதம் கொடுத்து ஒரு டொலர்ப் பொருளைப் பெறலாம் என்றால், அப்பொருள் தனக்கு வேண்டியதா என எந்த அரசாங்கம் நின்று ஆராயும்? தெருவை விரும்பிய அதிகாரிகள் தீயோர் என எழுதுவது எளிது. அவர்கள்முன் வைக்கப்பட்ட கணக்கு அவர்களை எவ்வழியிற் செலுத்தியது என்பதையும் எழுதுதல் வேண்டும்.

1962 இல் சமஷ்டி அரசாங்கம் மற்றொரு விதியைச் சேர்த்தது. 50,000 க்கு மேற்பட்ட சனத்தொகையுடைய நகரப் பகுதிகளில், தொடர்ச்சியான, முழுமையான, கூட்டுறவான திட்டமிடல் இல்லாத தெருக்களுக்கு 1965 ஆம் ஆண்டு யூலை மாதத்தின் பின் பணம் கிடையாது. பிரதேசம் முழுவதையும் ஒன்றாகக் கருதித் திட்டமிடும் முறை அமெரிக்காவிற் கட்டாயமானது இச்சட்டத்தாலேயே. கூட்டுறவு என்னுஞ் சொல் இனியது. ஆனால் அது மாகாண அரசாங்கமும் உள்ளூர் அரசாங்கங்களும் தம்முட் கூடுதலைக் குறித்ததேயன்றிக் குடிமக்களைக் குறித்ததன்று. கிழக்கு மசச்சூசெற்ஸில் இச்சட்டத்தின்கீழ் நடந்த ஆராய்ச்சி பல ஆண்டு நீடித்தது. 1960 களின் இறுதியில் அதன் முடிவுகள் வெளிவந்தபோது, 1948 ஆம் ஆண்டுத் திட்டமே பெரும்பாலும் மீண்டும் எழுதப்பட்டிருந்தது.

கேம்பிறிட்ஜில் உள்வட்டப் பெருந்தெரு எவ்வழிச் செல்வது என்பது பற்றி நீண்ட வழக்கு நடந்தது. இரண்டு வழிகள் முதன்மையாகப் பேசப்பட்டன. ஒன்று புறூக்லைன் தெரு, எல்ம் தெரு வழி. அங்கே தொழிலாளர் வீடுகள் நெருங்கி இருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற வேண்டிவரும். மற்றையது சற்றுக் கிழக்கே, புகையிரதப் பாதையை அடுத்து, தொழிற்சாலைகளும் தொழினுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடங்களும் இருந்த வழி. இரண்டாம் வழியைக் கல்லூரி எதிர்த்தது; ஆய்வுகூடங்களின் நுண்ணிய கருவிகளும் கல்லூரியின் வளர்ச்சியும் கெடும் என்பது அதன் வாதம். அரசாங்கத்திடம் அவ்வாதத்திற்கு இருந்த எடை தொழிலாளரின் வாதத்திற்கு இல்லை. புறூக்லைன், எல்ம் வழியையே அதிகாரிகள் விரும்பினர். மக்களைக் கேட்டல் என்று பொதுப்படச் சொல்லும்போது இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. மக்கள் என்பவர் ஒரே குரலுடையவரல்லர். வலியவனும் மக்களுள் ஒருவன். அவன் தன் வாயிலிலிருந்து தெருவைத் தள்ளினால் அது எளியவன் வாயிலிற் போய் விழும்.

அதே கல்லூரியின் ஆசிரியர் பலர் எதிர்ப்புறத்தில் நின்றனர் என்பதும் கூறற்பாலது. இரு கழகங்களையுஞ் சேர்ந்த 500 க்கு மேற்பட்ட ஆசிரியர் ஒப்பமிட்டு, உள்வட்டப் பெருந்தெருவின் தேவையையே மீண்டும் ஆராயவேண்டும் என மகஜர் அனுப்பினர். இளம் நகரத் திட்ட வல்லுநர் சிலர் 1966 அளவில் நகரத் திட்டமிடல் உதவிச் சங்கம் ஒன்றைக் கூட்டி, குடியிருப்பாளர்க்கு ஊதியமின்றி ஆலோசனை கூறினர். வழக்காளிக்கு வழக்கறிஞர் போல, எளிய மக்களுக்கும் தமக்கெனப் பேசும் திட்ட வல்லுநர் வேண்டும் என்னுங் கொள்கையை 1965 இல் போல் டேவிடோவ் என்பார் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். அக்கொள்கை கேம்பிறிட்ஜ் வீதிகளிற் பரீட்சிக்கப்பட்டது எனலாம்.

இவ்வல்லுநர் செய்த உதவி யாது? வீட்டை இழக்கப்போகும் ஒருவர் பகிரங்க விசாரணையில் எழுந்து, என் வீட்டை இடியாதீர் என்று மாத்திரம் கூறினால், அதிகாரி இரக்கத்துடன் தலையசைத்து, பொதுநன்மைக்காகச் சிலர் இழப்பெய்தல் தவிர்க்கவியலாது என விடைகூறுவார். அவ்விடைக்குப் பின்னால் ஓர் எண்கணக்கு உண்டு. பிரதேசத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இருபது ஆண்டுக்குப் பின் எத்தனை பயணங்கள் புறப்படும், அவை எங்கே சென்று முடியும், எத்தனை மோட்டாரிலும் எத்தனை புகையிரதத்திலும் நிகழும், எந்தத் தெருவை நாடும் என நான்கு படியாக அக்காலத்துக் கணிப்பொறி கூட்டிக் கூறும். எண்ணைக் கண்டவர் வாய்மூடினர். வல்லுநரோ அவ்வெண்ணின் அடிப்படையைக் காட்டினர். பெருந்தெருக்கள் யாவுங் கட்டப்படும் என்று முதலிலே கொண்டுவிட்டு, பின் அவற்றில் இவ்வளவு வண்டிகள் ஓடும் என்று கணித்தால், அக்கணிப்பு தெருவின் தேவைக்குச் சான்றாவது எங்ஙனம்? தெருவைக் கட்டாதுவிட்டால் என்னாகும் என்னும் வினாவைக் கணிப்பொறியிடம் எவரும் முறையாகக் கேட்கவில்லை. இவ்வொரு வினாவைக் குடியானவரும் கேட்கக் கற்றுக்கொண்டமையே பின்வந்த வெற்றிகளுக்கெல்லாம் வித்து என்பது நமது கருத்து.

1960 களின் முற்பாதியிலே பெருந்தெரு செல்லும் வழியை மறுக்கும் உரிமை அவ்வந்நகரங்களுக்குச் சில காலம் இருந்தது; நடுப்பகுதியில் மாகாணச் சட்டசபை அதனை நீக்கிவிட்டது. சட்டத்தின் கதவு மூடவே மக்கள் தெருவில் இறங்கினர். 1968 இல் பொஸ்ரன் பெருநகர்ப் போக்குவரவு நெருக்கடிக் குழு என்னும் பொருளுடைய பெயரால் ஒரு கூட்டணி அமைந்தது. கேம்பிறிட்ஜின் வெள்ளைத் தொழிலாளர், றொக்ஸ்பரியின் கறுப்பின மக்கள், கத்தோலிக்கக் குருமார், சர்வகலாசாலை ஆசிரியர் ஆகியோர் அதில் ஒருங்கு சேர்ந்தனர். தெற்கே ஃபவுல் புற்றரை என்னுஞ் சதுப்பு நிலத்தினூடாகத் தென்மேற்குப் பெருந்தெரு செல்லவிருந்தமையால், இயற்கையைப் பேண விரும்பிய புறநகர்ச் செல்வரும் அவர்களோடு இணைந்தனர். இனப்பகை மிக்க அந்நகரிலே இவர்கள் வேறெக் காரியத்திற்கும் ஒன்றாக அமர்ந்தவரல்லர். தெரு எல்லாரையும் வெட்டியது. ஆகவே எல்லாரையும் சேர்த்தது.

ஆயினும் இயந்திரங்கள் நிற்கவில்லை. றொக்ஸ்பரியிலும் ஜமெய்க்கா பிளெயினிலும் பழைய புகையிரத மேட்டை அடுத்து நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சுவீகரிக்கப்பட்டு இடிக்கப்பட்டன. தெருவோ இன்னும் வரவில்லை. வெறும் நிலம் கற்குவியலாகக் கிடந்தது. பெருந்தெருவினும் மக்களே முதன்மை என்னுங் கருத்துடைய சுலோகத்தை அப்புகையிரத மேட்டின் சுவரிற் பெரிய எழுத்தில் எழுதிவைத்தனர்.

1969 சனவரியில் மாகாணத் தேசாதிபதி யோன் வொல்பி சமஷ்டிப் போக்குவரவு அமைச்சராக வாஷிங்ரன் சென்றார். அவர் தாமே கட்டட ஒப்பந்தக்காரராக இருந்தவர். முன்னர் மாகாணப் பொதுவேலை ஆணையாளராக இருந்து பெருந்தெருக்களை வளர்த்தவர். அவரிடத்தைப் பெற்ற பிரான்சிஸ் சார்ஜென்ற் என்பாரும் அப்பொதுவேலைத் திணைக்களத்தின் தலைமையை வகித்தவரே. அவர் பதவிக்கு வந்து சில நாளில், சனவரி 25 ஆம் திகதி, ஏறக்குறைய 2,000 பேர் மாகாணச் சட்டசபைக் கட்டடத்தின்முன் திரண்டனர். அப்பெருங்கூட்டத்தைக் கண்ட சார்ஜென்ற், தொழினுட்பக் கல்லூரியின் அரசறிவியற் பேராசிரியர் அலன் அல்ற்சூலரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழுவை நியமித்தார். பொஸ்ரன் நகரபிதா கெவின் உவைற்றின் ஆலோசகராக இருந்த பொறியியலாளர் பிரெட் சல்வூச்சியும் பெருந்தெருக்களை எதிர்த்து நின்றார். சல்வூச்சியின் பாட்டியாருடைய வீடு முன்னர் ஒரு கட்டணப் பெருந்தெருவுக்காகச் சுவீகரிக்கப்பட்டது. பொறியியல் நூலில் இல்லாத ஒரு பாடத்தை அவர் அங்கே கற்றார்.

1970 பெப்ரவரி 11 ஆம் நாள் சார்ஜென்ற் தொலைக்காட்சியில் தோன்றி, 128 ஆம் இலக்க வெளிவட்டத்துக்குள் பெரும்பாலான பெருந்தெரு வேலைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். பெருந்தெருவே பரிகாரம் என்று நம்பியவருள் தாமும் ஒருவர் என்றும், அந்நம்பிக்கை பிழை என்றும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம் திணைக்களம் செய்ததைத் தாமே பிழை எனக் கூறிய ஆட்சியாளரை வரலாற்றில் விரல்விட்டு எண்ணலாம். ஆனால் நிறுத்தம் யாவற்றையுந் தழுவவில்லை. சொமவிலினூடாகச் செல்லும் 93 ஆம் இலக்கப் பெருந்தெருவின் வேலை நெடுந்தூரம் நடந்துவிட்டது என்று கூறி அதற்கு விலக்களிக்கப்பட்டது. அது 1973 இல் திறக்கப்பட்டது. மணி அசைந்தது, அந்தக் கன்று அதற்குமுன் தேர்க்காலில் அகப்பட்டுவிட்டது.

நிறுத்தியபின் நடந்ததே வரலாற்றில் புதியது. பொஸ்ரன் போக்குவரவுத் திட்ட மீளாய்வு என்னும் பெயரால், ஏறக்குறைய 35 இலட்சம் டொலர்ச் செலவில், 1971, 1972 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அதன் ஆலோசனைக் கூட்டங்களில் மாகாணத் திணைக்களங்களும் நகரசபைகளும் மாத்திரமன்றிக் குடியிருப்பாளர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் இடம்பெற்றன. கூட்டங்கள் திறந்த கதவுகளுடன் நடந்தன. முடிவு எழுதியபின் காட்டாமல், ஆராய்ச்சி நடக்கும்போதே அரைகுறை அறிக்கைகள் மக்களிடங் கொடுக்கப்பட்டன. சங்கங்கள் வல்லுநர் உதவி பெற வழிசெய்யப்பட்டது. எல்லாவற்றினும் முதன்மையாக, ஒன்றுங் கட்டாதிருத்தல் என்பதும் ஆராயத்தக்க ஒரு வழியாக ஏனைய வழிகளோடு சமமாக வைக்கப்பட்டது.

இம்முறை இடையூறின்றி நடந்தது என எண்ணுதல் தவறு. கூட்டங்கள் நீண்டன. பெருந்தெருவை விரும்பிய கட்டடத் தொழிலாளரும் வணிகரும் இது எதிர்ப்பாளர்க்கே வாய்ப்பளிக்கின்றது எனக் குறைகூறினர். இரவிற் கூட்டத்துக்கு வரவும் அறிக்கையை வாசிக்கவும் ஓய்வுள்ளோர் குரலே ஓங்கும் என்னுங் குறையும் உண்டு. பகல் முழுதும் உழைத்துக் களைத்தவர் எங்ஙனம் வருவர்? ஊர்ச்சங்கக் கூட்டங்களிற் செயலாளராக இருந்து பழகிய எமக்கு இக்குறையின் உண்மை விளங்காமலில்லை. சொல்லும் வழக்கமுடையவரே மீண்டும் மீண்டுஞ் சொல்வர். 1969 இல் ஷெரி ஆர்ன்ஸ்ரைன் என்னும் அம்மையார், குடிமக்கள் பங்குபற்றலை எட்டுப் படியுள்ள ஓர் ஏணியாக வருணித்தார். கீழ்ப்படியில் மக்களை ஏமாற்றுதல், நடுவில் அறிவித்தலும் கருத்துக் கேட்டலும், மேலே பங்காளராதல், உச்சியில் மக்களே ஆளுதல். பொஸ்ரன் மீளாய்வு உச்சிப்படியை எட்டவில்லை. இறுதி முடிவு தேசாதிபதியின் கையிலேயே இருந்தது. கருத்துக் கேட்டலுக்கு மேலே, பங்காளராதலை அண்மித்து அது நின்றது என்பதே பொருந்தும். தேசாதிபதி வேறொருவராக இருந்திருப்பின் முடிவும் வேறாகியிருக்கலாம். றால்ப் கேக்கன்ஹைமர் 1976 இல் இம்மீளாய்வைப் பற்றி ஒரு முழுநூல் எழுதினார். ஆராய விரும்புவோர்க்கு அது சிறந்த வாயில்.

1972 நவம்பர் 30 ஆம் நாள் சார்ஜென்ற் உள்வட்டப் பெருந்தெருவையும் தென்மேற்குப் பெருந்தெருவையும் கைவிடுவதாக அறிவித்தார். உடனே பழைய பணக்கணக்கு குறுக்கிட்டது. பெருந்தெருவைக் கைவிட்டால் அதற்கென வைத்த சமஷ்டிப் பணமும் போய்விடும். புகையிரதத்துக்கு அதை மாற்றச் சட்டம் இடந்தரவில்லை. எனவே சட்டத்தையே மாற்ற முயன்றனர். கேம்பிறிட்ஜின் பிரதிநிதியாகக் காங்கிரஸ் சபையில் இருந்த தொமஸ் ஓநீல் போன்றோர் உழைக்க, 1973 ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களிற் கைவிடப்பட்ட மாகாணங்களிடைப் பெருந்தெருவின் பணத்தைப் பொதுப் போக்குவரவில் இட வழிவகுத்தது. ஒரு நகரின் வழக்கு நாட்டின் சட்டமாயிற்று. ஏனைய நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1991 ஆம் ஆண்டின் போக்குவரவுச் சட்டத்தின் பின், பிரதேசத் திட்டச் சபைகள் தொடக்கத்திலிருந்தே மக்களுக்குத் திட்டங்களை அறிவித்துக் கருத்துப் பெறல் வேண்டும் என்பது விதியாயிற்று.

வெறும் நிலமாகக் கிடந்த தென்மேற்குப் பாதையில் என்ன செய்வது என்பது அடுத்த வினா. புகையிரதத்தைப் பள்ளத்திற் செலுத்தி, அருகே பூங்கா அமைப்பது என முடிவாயிற்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் அவ்வூரவர் குழு இருந்தது. ஓரிடத்தில் பாதையை மூடி மேலே நிலமாக்கினர், வேறோரிடத்தில் திறந்துவிட்டனர். ஏறக்குறைய 75 கோடி டொலர்ச் செலவில், 1987 மே 4 ஆம் நாள், செம்மஞ்சட் பாதை எனப்படும் அப்புகையிரதம் புதிய வழியில் ஓடியது. வழக்கின் தொடக்கத்திலே சிறுவராயிருந்தவர் தம் பிள்ளைகளை அதில் ஏற்றிச் சென்றனர்.

வடமேற்கில் செம்பாதை என்னும் நிலக்கீழ்ப் புகையிரதத்தை நீட்டியபோது பங்குபற்றலின் இருமுகமும் தோன்றின. முதலில் அப்பாதை சொமவிலைத் தொடாமற் செல்லவிருந்தது. அந்நகரத்தார் ஊக்கமாக முயன்று, டேவிஸ் சதுக்கத்தில் ஒரு நிலையத்தைப் பெற்றனர். மங்கிக்கிடந்த அச்சதுக்கம் 1984 இன் பின் செழித்தது. அடுத்திருந்த ஆளிங்ரன் ஊரவரோ தம்மூரில் புகையிரதம் வேண்டாம் என எதிர்த்தனர். ஆகவே பாதை 1985 இல் எயில்வைவ் என்னுமிடத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பாலுள்ள ஊரவர் பயன்பெறுவதை ஓரூர் தடுத்தது முறையா? பெருந்தெருவைத் தடுத்தவரைப் போற்றிய அதே நாவால் புகையிரதத்தைத் தடுத்தவரை இகழ்தல் நேர்மையாகாது என்பர் சிலர். எமக்கு இவை இரண்டும் ஒன்றெனத் தோன்றவில்லை. முன்னவர் தம் வீட்டை இழக்க இருந்தவர். பின்னவர் தம் ஊரின் அமைதியை இழக்க அஞ்சியவர். ஆயினும் விசாரணை மண்டபத்தில் இருவர் கைகளும் ஒரேயளவாகவே எண்ணப்படும்.

றொக்ஸ்பரி மக்களின் குறை இவற்றிலும் பெரிது. 1901 முதல் வாஷிங்ரன் தெருவின்மேல் உயர்ந்த தூண்களில் ஓடிய பழைய புகையிரதம், புதிய பாதை திறந்தவுடன் நிறுத்தப்பட்டது. இரைச்சலும் நிழலும் நீங்கின என்பது உண்மை. ஆனால் வாசலில் வந்த வண்டி அரை மைலுக்கப்பாற் சென்றுவிட்டது. அதற்கீடாக நல்ல சேவை தரப்படும் என வாக்களிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு கழித்து 2002 இல் வந்தது வெள்ளிப்பாதை எனப் பெயரிட்ட பஸ் வண்டி. தண்டவாளம் கேட்டவர்க்கு இது ஈடாகுமோ என அங்கே பலர் வினவினர். பெருந்தெருவை எதிர்த்து அதிகம் உழைத்தவருள் அவர்களும் அடங்குவர். பூங்காவையடுத்த வீடுகளின் விலை உயர, முன்னிருந்த வாடகைக் குடிகளுட் பலர்க்கு அங்கே தங்குதல் கடினமாயிற்று.

நடுநாடித் தெருவும் நிலைக்கவில்லை. சல்வூச்சி பிற்காலத்தில் மாகாணப் போக்குவரவுச் செயலாளராகி, அதனை நிலத்தின்கீழே புதைக்குந் திட்டத்தை வகுத்தார். 1991 இல் தொடங்கிய வேலை முடியுமுன் 1,400 கோடி டொலருக்கு மேல் விழுங்கியது. அதன் பொருட்டு வண்டிகள் பெருகிக் காற்று மாசடையாதிருக்கப் பொதுப் போக்குவரவுப் பணிகள் சிலவற்றைச் செய்வதாக மாகாணம் 1990 இல் ஒப்புக்கொண்டது. இயற்கைப் பாதுகாப்புச் சட்டச் சங்கம் ஒன்று அதற்காக வற்புறுத்தியது. அப்பணிகளுள் ஒன்று பச்சைப்பாதைப் புகையிரதத்தைச் சொமவிலினூடாக நீட்டுதல். ஒப்பந்தம் ஆண்டாண்டாகப் பின்தள்ளப்பட்டது. ஊரவர் கூட்டங் கூட்டினர், மகஜர் எழுதினர், அதிகாரிகள் மாறினர், ஊரவர் மீண்டும் எழுதினர். ஈற்றில் 2022 மார்ச்சில் ஒரு கிளையும் திசம்பரில் மற்றைக் கிளையும் திறக்கப்பட்டன. விலக்களிக்கப்பட்டதென மேலே கூறிய 93 ஆம் இலக்கப் பெருந்தெரு சொமவில் வீடுகளின் அருகே திறக்கப்பட்டு அப்பொழுது 49 ஆண்டு கழிந்திருந்தது.